பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தில் விளக்கெரியட்டும்

சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-ல் எழுந்தது. ஸ்மித் நிறுவனத்தின் மருந்துக் கடையாகக் 'கார்டைல்' என்ற பெயரில் தொடங்கி, 1930-களில் பாரத் இன்சூரன்ஸ் கைக்கு மாறி, ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான 1956-க்குப் பின் எல்.ஐ.சி.யின் சொத்தானது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. இடிக்கக் கூடாது என்று 2010-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடிப்பிலிருந்து தப்பிய கட்டடம் அதன்பின் பல்லாண்டுகள் பூட்டியே கிடந்தது. ஆளில்லாத கட்டடத்தை இடிக்கவே வேண்டாம். ஒழுகும் கூரையும் சுவரில் வேர்விடும் அரசங்கன்றும் போதும்.

அதைச் செப்பனிட்டு, மேல்தளங்களைக் குடியிருப்பாக்க வேண்டும் என்கிறோம். குறிப்பாக, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக. திருவண்ணாமலை மாவட்டத்து வேங்கிக்காலிலிருந்து இதைக் கேட்கக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்துப் பெண்கள் படிப்பு முடித்துச் சென்னைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். நகரின் நடுவே அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அறை எங்கே கிடைக்கிறது? தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் நல்ல முயற்சி. ஆனால், புதிதாகக் கட்டுவது மட்டுமே வழியல்ல. கார்டைலுக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது.

அலுவலகம் வீடாகுமா என்று கேட்பார்கள். இன்றைய கண்ணாடி அலுவலகங்களை மாற்றுவதுதான் கடினம். அவற்றின் நடுப்பகுதிக்கு வெளிச்சமே எட்டாது. மின்விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் முந்திய காலத்துக் கட்டடங்களோ காற்றுக்கும் வெயிலுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டப்பட்டவை. நியூயார்க் 1995-ல் வரிச்சலுகை கொடுத்துத்தான் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த பழைய அலுவலகங்களுக்குள் குடும்பங்களை வரவழைத்தது. கழிவுநீர்க் குழாயும் தீ விபத்தின்போது இறங்கும் படியும் பெருஞ்செலவு என்பது உண்மை. பாலிசிதாரர் பணத்தை எப்படி இறைப்பது என்று எல்.ஐ.சி. தயங்குவதும் நியாயமே. பூட்டிய கதவு அந்தப் பணத்துக்கு ஒரு ரூபாயும் ஈட்டித் தருவதில்லையே!

கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. 2012-ல் தீயில் கருகிய சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலைச் சுண்ணாம்புக் காரையால் மீட்டெடுத்த பொதுப்பணித்துறை இங்கேதான் இருக்கிறது. ஆனால், பழங்கட்டடங்களைக் காக்க அதே ஆண்டு தமிழகம் இயற்றிய மரபுரிமை ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்தத் தாமதம் இந்தக் கட்டடத்துக்கும் நேரக் கூடாது.

எல்.ஐ.சி. நீண்டகாலக் குத்தகைக்குத் தரட்டும், பொதுப்பணித்துறை செப்பனிடட்டும், விடுதிகளை நடத்தும் அரசுக் கழகம் வாடகையை எல்.ஐ.சி.க்குச் செலுத்தட்டும். மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் பொறுப்பு முதல்வருடையது.