ஸ்கிரீனில் தெரிந்தால் போதுமா?

அமெரிக்காவில் கார் ஷெட்டில் விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கிண்டல் இல்லை, நிஜம். ஆரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. கிட்டுகளை வாங்கி, கட்டி முடித்துப் பறந்த விமானங்கள் மட்டுமே 11,000-க்கு மேல். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் தங்கள் கையால் செய்திருந்தால், பரிசோதித்து 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் சான்றிதழ் தந்துவிடுகிறார்கள். நல்ல சட்டம்தான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வருடக்கணக்கில் ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்துப் பார்த்து அடித்த மனிதர், பேனலுக்கு வந்ததும் ஏன் இப்படிப் பறக்கிறார்? ஜி.பி.எஸ்.ஸை ஆன் செய்கிறார். மேப்பில் குட்டி விமானம் தெரிகிறது. கைதட்டல், போட்டோ, சோதனை முடிந்தது. அடக் கொடுமையே!

ஜி.பி.எஸ். தன் ஸ்கிரீனில் எதைக் காட்டுகிறது என்பது அதன் சொந்த விவகாரம். அதன் முதுகிலிருந்து கிளம்பும் ஒயரில் என்ன போகிறது என்பதை நம்பித்தான் ஆட்டோபைலட் விமானத்தைத் திருப்புகிறது. விபத்தில் அபயக்குரல் எழுப்பும் இ.எல்.டி. கருவியும் பல பேனல்களில் அதே தரவைத்தான் நம்பியிருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸ் இ.எல்.டி.க்கு ஜி.பி.எஸ். தரவு ஒழுங்காகப் போனால் தேடுகிறவர்களுக்குச் சில நூறு மீட்டருக்குள் இடம் கிடைக்கும். போகாவிட்டால் சில கிலோமீட்டர் வட்டத்தில் காட்டையும் மலையையும் சலிக்க வேண்டும்.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஈடுசெய் பிழை உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரிக்கும் :-)

அந்த ஒயரில் போவது ஒன்றும் மந்திரமல்ல. என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறையில், பெரும்பாலும் வினாடிக்கு 4800 பிட் வேகத்தில், கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வரிகள். பழைய லேப்டாப்பும் ஒரு சீரியல் கேபிளும் இருந்தால் யாரும் படிக்கலாம். ஆர்.எம்.சி. வரியில் 'ஏ' என்று இருந்தால் இடம் சரி, 'வி' என்றால் நம்பாதே. வரிக் கடைசியில் சரிபார்ப்பு எண் வேறு. வேகம் பொருந்தாமல் எதுவுமே வராவிட்டால் கவலையில்லை, அந்தத் தப்பு தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். ஆன்டெனாவைப் பிடுங்கி, 'வி' வந்த பிறகும் ஆட்டோபைலட் அசராமல் பழைய திசையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். எத்தனை பேர் ஆன்டெனாவைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்?

சிலர் கெட்டிக்காரர்கள். ஷெட்டில் நிற்கிற விமானத்துக்கு வேகமும் இல்லை, திசையும் இல்லை என்று ஜி.பி.எஸ்.ஸை சிமுலேட்டர் முறையில் ஓட விடுகிறார்கள். ஆட்டோபைலட் அசைந்ததும் ஒரே சந்தோஷம். என்.எம்.இ.ஏ.வின் பிந்தைய பதிப்புகளில் 'இது பாவனை' என்று சொல்வதற்கென்றே 'எஸ்' என்ற எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து வந்தும் ஆட்டோபைலட் கேள்வி கேட்காமல் திரும்பினால் கொண்டாட என்ன இருக்கிறது? பொய்யை நம்புகிற கருவி என்றல்லவா தெரிந்திருக்கிறது! அதற்கு எஞ்சினை ஓட விட்டு, டாக்ஸிவேயில் நிஜமாகவே நாலு திருப்பம் திரும்பிப் பார்க்கலாம்.

ரேடியோ இன்னொரு வில்லன். ஜி.பி.எஸ். அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். பைலட் 121.175-இல் பேசினால் அதன் 13 மடங்கு 1575.275, கிட்டத்தட்ட தலைமேலேயே விழுகிறது. 131.275-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். இந்த அலைவரிசைகளில் மைக்கை அழுத்திப் பார்க்கச் சொல்லி எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. 'எக்ஸ்பெரிமென்டல்தானே, நமக்கெதற்கு' என்பார்கள். எக்ஸ்பெரிமென்ட் என்றாலே சோதனைதானே ஐயா, அதைச் செய்யாமல் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டால் எப்படி?

2020 ஜனவரி 1 முதல் பல வான்வெளிகளில் ஏ.டி.எஸ்.-பி. கட்டாயமான பிறகு ஒரு வேடிக்கை. அது சரியான தரவை அனுப்புகிறதா என்று எஃப்.ஏ.ஏ. இலவசமாக மார்க் ஷீட் தருகிறது. மார்க் போடுகிறார்கள் என்றதும் எல்லாரும் அந்த ஒரு ஒயரை ஒழுங்காகப் பார்க்கிறார்கள். மார்க் போட ஆளில்லாத ஆட்டோபைலட் ஒயர் அனாதை.

கட்டியவர் உயிர் அவர் கையில், அதில் மற்றவர்களுக்கு என்ன என்று ஒரு வாதம் உண்டு. 2011-இல் விபத்துக்குள்ளான இத்தகைய விமானங்களில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கப்பட்டவை என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. 2012-இல் எழுதியது. கட்டினவர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்தக் கருவிக்கு எந்த வேகம் வைத்தார், சிக்னல் போனால் எது என்ன செய்யும், எதற்கும் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. வாங்கினவர் பேனலுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்து, எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.