சுவருக்குக் காவல்!

2025 செப்டம்பர் 8-ஆம் நாள், லண்டன் மாநகரில் 'ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்' எனும் வழக்குமன்ற வளாகத்துச் சுவரில் ஓவியம் ஒன்று முளைத்தது. பொய்முடியும் அங்கியும் அணிந்த நீதிபதி, சுத்தியலை ஓங்கி, தரையில் வீழ்ந்து கிடப்பவனை அடிக்கிறார். அவன் கையிலே ஓர் அட்டை. அதில் எழுத்தே இல்லை, இரத்தத் துளிகள்தாம்! வரைந்தவர், முகம் காட்டாமல் ஊர்ச்சுவர்களில் தீட்டும் பேங்க்ஸி. தமது படைப்பே என்று அவரே அறிவித்தார்.

விளக்கம் ஏதும் அவர் தரவில்லை. தேவையும் இருக்கவில்லை! இரண்டே நாட்களுக்கு முன்புதான் பார்லிமெண்ட் சதுக்கத்தில் சுமார் 890 பேர் கைதாகியிருந்தனர். 'பாலஸ்தீன் ஆக்‌ஷன்' என்ற அமைப்பைப் பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டு ஜூலையில் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ்த் தடை செய்தது. அவ்வமைப்பினர் விமானப்படைத் தளத்தில் புகுந்து விமானங்கள் மீது சிவப்புச் சாயம் அடித்தவர்கள். அதற்கு வழக்குத் தொடரட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. சதுக்கத்தில் அமர்ந்தவர்கள் செய்த குற்றம் யாது? மிகப் பெரும்பாலோர் அந்த அமைப்பை ஆதரிப்பதாக எழுதிய அட்டையைப் பிடித்தனர். அவ்வளவே! நரைத்த தலைகளும் அக்கூட்டத்தில் உண்டு. அவர்கள் மீதும் பயங்கரவாதச் சட்டம்!

தடை போட்டது அரசு, ஒப்பியது பார்லிமெண்ட், நீதிபதியைத் தீட்டுவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி! சட்டம் செய்தவர் குற்றவாளியா, அதைக் கையில் ஏந்துபவரும் கூட்டாளியா? சட்டப் புத்தகத்தைப் புரட்டாதவனும், வேலைக்குப் போகிற வழியில் அச்சுவரைப் பார்த்து அந்த வாதத்தில் இறங்கினான். கறுப்பு மையில் தீட்டிய இரண்டே உருவங்கள் அதைச் சாதித்தன.

ஆளவந்தார்கள் அந்த வாதத்துக்கு வந்தார்களா? இல்லை. பிளாஸ்டிக் திரை வந்தது, இரும்புத் தடுப்பு வந்தது, காவலுக்கு ஆட்கள் வந்தனர். இரவெல்லாம் விழித்துச் சுவரெழுதும் நம் தோழர்களுக்கு இந்த மரியாதை புதிதல்ல! மூன்றாம் நாளே தேய்த்து அழித்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், அதன் தோற்றம் கெடலாகாதாம். 1882-இல் திறந்த வளாகம், பழைமை மெய்தான். கல்லுக்குக் காட்டிய இந்தக் கரிசனத்தில் காற்பங்கு, அட்டை பிடித்த கிழவருக்கு உண்டா என்றுதான் நாம் கேட்கிறோம்.

தேய்த்தும் சுவர் வெளுக்கவில்லை. ஓங்கிய கையும் வீழ்ந்த உடலும் நிழலாய்த் தங்கிவிட்டன. சுவருக்குச் சேதம் விளைவித்ததாகப் புகார் வந்ததாம். விசாரணை நடத்தப் புறப்பட்டனர் லண்டன் போலீசார்!