சிலம்ப விழாவுக்கு நான் ஏன் வரவில்லை?



திண்டுக்கல்லில் நடக்கப்போகும் சிலம்ப உலக சாதனை விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டேன். கூப்பிட்டவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். "டீச்சருக்குச் சிலம்பம்னா இளக்காரமா?" என்று கேட்டிருக்கிறான். பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

இளக்காரம் இல்லை தம்பி. என் தாய்மாமா கம்பு வாத்தியார். தாடிக்கொம்பு பக்கம் அறுப்பு முடிந்த களத்தில், ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சொல்லிக்கொடுப்பார். மூன்று மாதத்துக்குக் கம்பையே தொட விடமாட்டார். காலடி மட்டும்தான். அது பழகின பிறகு புருவ உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, அப்புறம் எதிரே ஒரு ஆள். கம்பு நுனியில் கரி தடவி, யார் உடம்பில் எத்தனை புள்ளி என்று எண்ணுவார்கள். நான் வேடிக்கை பார்த்ததோடு சரி. பொம்பளைப் பிள்ளைக்கு யார் கம்பு கொடுத்தார்கள்? இன்றைக்கு உன் வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அதற்கு உன்னை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஆனால் இந்த உலக சாதனை? இரண்டு வருடம் முன்பு வேறொரு ஊரில் இப்படி ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயில், சிமெண்ட் தரை, வெறுங்கால். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஒரே சுற்று. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. "மத்தவங்க நிறுத்தாதீங்க" என்று மைக்கில் சொன்னார்கள். பொன்னாடையோடு இருந்த நானும் எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள், எழுந்திருக்கவில்லை. சான்றிதழுக்குப் பெற்றோரிடம் பணம் வாங்கியது பிறகுதான் தெரிந்தது.

பேரன் போனில் கபொயெய்ரா என்ற பிரேசில் சண்டைக் கலையைக் காட்டினான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வளர்த்தது. 1890இல் அதைக் குற்றம் என்றே சட்டம் போட்டார்கள். 1932இல் மெஸ்த்ரே பிம்பா என்ற வாத்தியார் சால்வடோர் நகரில் அதற்குப் பள்ளி தொடங்கினார். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஏறியது எது தெரியுமா? அவர்களுடைய வட்டம். சுற்றி நின்று பாடிக் கைதட்டுகிறார்கள், ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒலிக்கிறது, நடுவில் இரண்டு பேர் ஒருவர் காலை ஒருவர் பார்த்து விளையாடுகிறார்கள். எதிராளி இல்லாமல் அந்தக் கலையே கிடையாது.

நம்முடையது மட்டும் என்ன? சுற்றுவது பாதிதான். எதிரே வருகிற வீச்சைப் பார்த்துத் தடுப்பதும், அடிக்க முடிந்தும் அடியை நிறுத்துவதும்தான் மீதிப் பாதி. மணிக்கணக்கில் தனியாகச் சுற்றுகிற பிள்ளைக்கு அது எப்போது வரும்?

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இருக்கிறதே, சான்றிதழ் வேண்டாமா என்பாய். வேண்டும். முறையான போட்டியில் ஜெயித்து வாங்கட்டும். சாதனைப் புத்தகக் காகிதத்தை நம்பிப் பணம் கட்டுகிற பெற்றோரிடம் இதை நீயே சொல்ல வேண்டும்.

கோபம் தீர்ந்ததும் கூப்பிடு தம்பி. வெயில் தாழ்ந்த நேரம், மண் தரையில் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்து, கட்டாயம் வருகிறேன். பொன்னாடை வேண்டாம். முழங்கால் வலி, ஒரு நாற்காலி மட்டும் போட்டு வை.