சாலை யாருடைய பொறுப்பு?

தமிழ்நாடு அரசின் நெடுஞ்சாலைத் துறை அமைச்சருக்குத் திறந்த மடல்



ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருப்பதால் பெயர்பெற்ற பேகம்பூர், மதுரைச் சாலையும் வத்தலக்குண்டு சாலையும் செல்லும் திண்டுக்கல்லின் தென்பகுதியில் அமைந்துள்ளது. இத்தகைய பழஞ்சாலைகளின் வரலாறு, பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்ததன் வரலாறும் ஆகும்.

1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஊர்ப்புறச் சாலைகளைப் பேணும் பணி ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்ட வாரியம் போன்ற அமைப்புகளிடம் இருந்தது; 1946இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து நெடுஞ்சாலைத் துறை தனித்துறையானது. முக்கியமான நெடுவழிகளை மத்திய அரசின் உரிமைக்குள் கொண்டுவந்த தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இலும், அவற்றை அமைத்துப் பராமரிக்கும் ஆணையத்துக்கான சட்டம் 1988இலும் வந்தன. திண்டுக்கல் வழியாகச் செல்லும் வாரணாசி–கன்னியாகுமரி நெடுஞ்சாலை முன்பு 7ஆம் எண்ணைத் தாங்கியிருந்தது. 2010இல் எண்கள் திருத்தப்பட்டபோது திண்டுக்கல் வழியே செல்லும் அதன் பகுதி, ஸ்ரீநகரிலிருந்து தொடங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சேர்ந்தது.

இந்த நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே செல்வதால் தொலைதூர வண்டிகளுக்கு நேரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் புறவழிச்சாலை, அதாவது ஊருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் சாலை, திறக்கப்பட்டதும் பழைய நகர்ச்சாலையின் தகுதியும் அதைப் பேணும் அலுவலகமும் மாறுவது பொதுவான நடைமுறை. அம்மாற்றம் சாலையோரத்தில் குடியிருப்போருக்கு எளிதில் தெரிவதில்லை. கிலோமீட்டர்க் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று அறியலாம். எனினும் மழைநீர் வடியாமல் தேங்கினாலோ, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடந்தாலோ எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதை அந்த வண்ணம் சொல்வதில்லை. தார்ப்பரப்பு ஒரு துறையிடமும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் மாநகராட்சியிடமும் இருக்கும் இடங்களில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஆகவே, நகரங்களுக்குள் செல்லும் ஒவ்வொரு நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும், அச்சாலையின் எண், தகுதி, பராமரிக்கும் கோட்ட அலுவலகம், கடைசியாகத் தார் போடப்பட்ட ஆண்டு, வடிகாலுக்குப் பொறுப்பான அமைப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை நிறுத்தப்பட வேண்டும். பொறுப்பு மாறும்போதெல்லாம் அப்பலகையும் திருத்தப்பட வேண்டும். புதிய சாலை போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகையே. இதற்கான ஆணையை அமைச்சர் பிறப்பித்து, முதல் பலகையைப் பேகம்பூரில் நிறுத்த ஆவன செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.