ஏரி வாரியமா? யாக வாரியமா?



கத்திரி வெயில் நாட்களில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வருகின்றவர்களுக்கு இரண்டு காட்சிகள் தவறாமல் கண்ணில் படும். ஒன்று, ஏரியின் தரை பாளம் பாளமாய் வெடித்து, அதில் ஆடுமாடுகள் காய்ந்த கோரையைக் கடித்துக் கொண்டிருப்பது. மற்றொன்று, மழை வேண்டி யாகம் என்றும், வருண ஜபம் என்றும், கொடும்பாவி கட்டி இழுப்பதென்றும் ஊரில் வீட்டுக்கு வீடு பணம் வசூலிப்பது. முதல் காட்சி குடியானவனுடைய கஷ்டம். இரண்டாவது காட்சி அந்தக் கஷ்டத்தின் மேல் போடப்படும் வரி. முதலாவதை இயற்கையின் மேல் போட்டுவிடலாம். இரண்டாவதை யார் மேல் போடுவது என்றுதான் கேட்கின்றோம்.

சென்ற கோடையில் நாம் நேரில் கண்டதொன்றைச் சொல்லுகின்றோம். உத்திரமேரூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில், ஆலமரத்தடியில் கூட்டம் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று யாகத்துக்கு வரி பேசிக் கொண்டிருந்தார்கள். அப்போது குத்தகைக்குப் பயிரிடும் குடும்பத்து அம்மாள் ஒருவர் எழுந்து, "பெரியவரே, வரத்துக்கால் தூர்ந்துபோயி மூணு வருசம் ஆவுது. மழையே பேஞ்சாலும் தண்ணி எந்த வழியா ஏரிக்கு வரும்னு சாமியக் கேட்டீங்களா?" என்றார். பெரியவர், "கால்வாய் கவர்மெண்டு வேலை தாயி, மழைதான் தெய்வத்து வேலை" என்றார். "அப்பிடீன்னா தெய்வத்து வேலைக்குத் தெய்வமே காசு போட்டுக்கட்டும். கவர்மெண்டுக்கு மனு எழுதுங்க, முதல் கைநாட்டு நான் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்கு இருந்த புத்தி, பஞ்சாங்கம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

அக்கினி நட்சத்திரம் என்பதாக ஒன்றைச் சொல்லி, சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே மாதம் 4 வாக்கிலிருந்து 28 வரை, உலகம் எரியும் என்று பஞ்சாங்கம் கூறுகின்றது. அந்த நாட்களில் வெயில் கடுமையாய் இருப்பது உண்மைதான். அது நட்சத்திரத்தின் வேலையல்ல. ஏப்ரல் மாதக் கடைசியில் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வந்து போகின்றது. அதற்குப் பிறகும் தரை சூட்டை வாங்கிச் சேர்த்துக் கொண்டே போகின்றது. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாய் அடிக்கும் நாளில் கடற்காற்று நேரங்கழித்து வருகின்றது, அல்லது வராமலே போகின்றது. ஆகவே வெயில் ஏறுகின்றது. சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது 2003ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி. அதாவது பஞ்சாங்கத்தின்படி அக்கினி நட்சத்திரம் "நிவர்த்தி"யாகி மூன்று நாள் கழித்து! சூரியனுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியவில்லை போலும்.

மழை விஷயமும் இதுவே. வருஷப் பிறப்பன்று இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு என்று கோவிலில் உட்கார்ந்து படிக்கின்றார்கள். 2015ஆம் வருஷம் வடகிழக்குப் பருவத்தில் பெய்த மழையில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமே மிதந்தது; பல ஏரிகள் உடைந்தன. அடுத்த வருஷம் 2016இல் அதே பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்து போயிற்று. இரண்டு வருஷத்திலும் அதே கோவில்கள், அதே சாமிகள், அதே அர்ச்சகர்கள், அதே பூசைகள்தான். 2015இல் மக்கள் அதிக புண்ணியம் செய்ததாகவும் 2016இல் எல்லோரும் பாவிகளாகிவிட்டதாகவும் எவனாவது சொல்லத் துணிவானா? சொன்னால், வெள்ளத்தில் வீடிழந்த ஏழை எந்தப் புண்ணியத்துக்காக அதை இழந்தான் என்பதற்கும் சேர்த்தல்லவா பதில் சொல்ல வேண்டும்?

2019ஆம் வருஷத்துக் கூத்தை நாம் மறக்கக் கூடாது. அவ்வருஷம் கோடையில் தமிழ்நாட்டு அறநிலையத் துறையே கோவில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. வருண ஜபம் செய்யவும், நந்திக்கு நீர் கட்டவும், அமிர்தவர்ஷினி முதலிய இராகங்களை வாசிக்கவும் உத்தரவு பிறந்தது. எல்லா மதத்தாருக்கும், மதமே இல்லாதவர்களுக்கும் பொதுவான சர்க்கார், மழைக்கு இராகம் குறித்துக் கொடுத்தது! நடந்ததென்ன? ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்தது. நாதஸ்வரம் கொண்டு வராத தண்ணீரை ரயில் இஞ்சின் கொண்டு வந்தது என்பதே சரித்திரம்.

"ஆனால் பிறகு மழை பெய்ததே!" என்று சிலர் கேட்கலாம். பெய்யத்தான் செய்யும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமும் கொஞ்சமோ நஞ்சமோ வருஷந்தோறும் வருகின்றவை. கத்திரியில் ஜபம் செய்துவிட்டு ஆடியில் பெய்த மழைக்குப் பாத்தியம் கொண்டாடுவது, கூவிய கோழி தன்னால்தான் பொழுது விடிந்தது என்று கூலி கேட்பது போன்றதாகும். மழை பெய்தால் மந்திரத்தின் மகிமை, பெய்யாவிட்டால் மக்களின் பாவம் என்னும் இந்த வியாபாரத்தில் மட்டும் முதலாளிக்கு நஷ்டமே கிடையாது.

நிற்க, உத்திரமேரூருக்கு வருவோம். இந்த ஊரின் பெருமையைப் பேசாத மேடை இல்லை. பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் வருஷங்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. குடவோலை முறையில் முப்பது குடும்புகளிலிருந்து ஆள் எடுத்து வாரியங்கள் ஏற்படுத்திய விவரம் அவற்றில் இருக்கின்றது. அதைப் பார்த்து உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று மார் தட்டுகின்றார்கள். யாருக்கு ஜனநாயகம்? ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக் கரைக்கு மண் சுமந்தவனுடைய பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்குமா? ஆகவே அது சதுர்வேதி மங்கலத்தார் தங்களுக்குள் நடத்திக் கொண்ட ஜனநாயகமே ஒழிய, ஊராரின் ஜனநாயகம் அல்ல.

ஆனாலும் அந்தக் கல்வெட்டில் இன்றைய யாகக்காரர்களின் வாயை அடைக்கக் கூடிய சேதி ஒன்று இருக்கின்றது. அந்தச் சபையார் வேதம் ஓதியவர்கள். மழைக்கு மந்திரம் உண்டென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த அளவு இன்று ஜபம் செய்கின்ற யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் என்ன வாரியம் ஏற்படுத்தினார்கள்? சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்றுதான் ஏற்படுத்தினார்கள். யாக வாரியம் என்று ஒன்று இல்லை! ஏரிக்கென்று ஆறு பேரைப் பொறுக்கி வைத்தார்கள். பல்லவர் காலத்து வைரமேக தடாகம் என்னும் பெரிய ஏரியில் வண்டல் வாருவதற்குத் தருமம் ஏற்படுத்தினார்கள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினனுக்கும் மறுபடி பதவி இல்லை என்று விதித்தார்கள். மந்திரம் தெரிந்தவனே மண்வெட்டியை நம்பினான் என்றால், மந்திரம் தெரியாத நாம் ஏன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மந்திரத்தை நம்ப வேண்டும் என்று கேட்கின்றோம்.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கணக்கில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. செய்யாற்றுத் தண்ணீர் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக உத்திரமேரூர் ஏரிக்கு வர வேண்டும். கால்வாய் தூர்ந்திருந்தால், கரையைக் கருவேலம் பிளந்திருந்தால், நீர்ப்பிடிப்பில் கொழுத்தவன் வேலி போட்டிருந்தால், வருணனே நேரில் வந்து நின்றாலும் ஏரி நிரம்பாது. இந்த வேலைகளைச் செய்யக்கூடிய காலம் எது? ஏரி காய்ந்திருக்கும் இந்தக் கத்திரிக் காலம்தான். அந்த இருபத்தைந்து நாட்களையும் ஹோமப் புகையில் கழித்துவிட்டு, ஐப்பசியில் கலங்கல் வழியே ஓடும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிவதுதான் பக்தியா?

பயிரின் நிலையைப் பாருங்கள். நவரை நெல் அறுப்பு முடியும் காலம் இது. சொர்ணவாரிக்கு நாற்று விடும் காலமும் இதுவே. போர் போட்டு மோட்டார் வைத்திருக்கின்றவன் நடுகின்றான். ஏரியை நம்பிய குத்தகைக்காரன் வானத்தைப் பார்க்கின்றான். பூக்கும் சமயத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால் நெல்லில் மணி பிடிக்காமல் பதராகும் என்று விவசாய விஞ்ஞானிகள் கண்டு சொல்லியிருக்கின்றார்கள். நம்மவனோ பதரைக் கண் திருஷ்டி என்று நினைத்து வயலில் பூசணிக்காய் கட்டுகின்றான். தண்ணீர் இல்லாத இடத்தில் நெல்லை விட்டு எள், உளுந்து, கம்பு பார்ப்பதும், கோடை மழை ஒன்று விழுந்தவுடன் புழுதி உழவு போடுவதும் காசில்லாத யோசனைகள். இன்னொரு வேடிக்கை: ஊரில் மழைக்கு யாகம் நடக்கின்றது, கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை மூட்டையாக நெல் திறந்த வெளியில் கிடக்கின்றது. யாகம் பலித்து மழை வந்தால் முதலில் நனைவது அந்த நெல்தான். யாகத்துக்குச் சேர்த்த பணத்தில் நாலு தார்ப்பாய் வாங்கியிருக்கக் கூடாதா?

கால்நடைகளின் கதை இதைவிடப் பரிதாபமானது. வெயிலில் மாடு இரைக்கின்றது, தீனி குறைகின்றது, பால் வற்றுகின்றது. சீமைக் கலப்பு மாட்டுக்கு இன்னும் கஷ்டம். காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்த்து, நடுப்பகலில் நிழலில் கட்டி, நாலைந்து தரம் தண்ணீர் காட்டினால் பாதி கஷ்டம் தீரும். நோய் வந்தாலோ, மாரியாத்தாள் கோபம் என்று கூழ் ஊற்றிக் கொண்டிருக்கின்றார்கள். நம் பாட்டனார் காலத்தில் வெக்கை நோய் வந்தால் ஒரு ஊர் மாடு முழுவதும் ஒரே வாரத்தில் சாகும். எத்தனை ஆடு வெட்டியும், எத்தனை தீ மிதித்தும் அது போகவில்லை. 1954இல் தேசமெங்கும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இந்தியாவில் 1995க்குப் பிறகு அந்த நோயே இல்லை. 2011இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். ஆயிரம் வருஷம் ஆத்தாளால் ஆகாத காரியம் ஐம்பது வருஷ ஊசியால் ஆயிற்று! கோமாரிக்கும் அதேபோல் இலவச ஊசி இருக்கின்றது. 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவி மாடுகள் மாண்டதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஊசி போட டாக்டர் வரும் நாளில் "மாடு சினையாய் இருக்கின்றது, நாள் நல்லதில்லை" என்று மாட்டை ஓட்டிக் கொண்டு போய் மறைக்கும் புத்திசாலிகள் இன்னும் இருக்கின்றார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், ஜோசியனைக் கேட்காதீர்கள். அவசரமானால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அதற்குத் தட்சணை கிடையாது.

"ஏழைக்கு ஒரு ஆறுதல்தானே, அதைக் கெடுப்பானேன்?" என்று இரக்கப்படுகின்ற கனவான்களும் உண்டு. ஏழையின் கைக்காசைப் பிடுங்கி, வேலை செய்ய வேண்டிய நாளையும் பிடுங்கி, பழியையும் அவனுடைய பாவத்தின் மேலேயே போடுவதற்குப் பெயர் ஆறுதல் அல்ல. கால்வாயை அடைத்தவனும், ஏரியை வளைத்தவனும், கணக்கை மறைத்தவனும் தப்பித்துக் கொள்ளுவதற்கு யாகப் புகையைவிட நல்ல திரை வேறு இல்லை. யாகத்துக்கு முதல் சந்தா எழுதுகின்ற புண்ணியவான்களில் எத்தனை பேருடைய வேலி ஏரிக்குள் இருக்கின்றது என்று ஒருமுறை அளந்து பார்த்தால் இதன் இரகசியம் விளங்கும்.

ஆகவே என்ன செய்வது? 919ஆம் வருஷத்துக் குடத்தில் உங்கள் பெயர் இல்லை. இன்றைய கிராம சபையில் இருக்கின்றது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும், நிலம் இல்லாதவரும், பெண்களும், சேரியில் இருப்பவரும் அதில் உறுப்பினர். கத்திரிக்கு மூன்று நாள் முன்னே, மே மாதம் 1ந் தேதி, ஊர்தோறும் அது கூடுகின்றது. அங்கே எழுந்து நின்று, எந்தக் கால்வாய் தூர்ந்திருக்கின்றது, எந்த மதகு உடைந்திருக்கின்றது, யார் வளைத்திருக்கின்றார், குடிமராமத்துப் பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து கையெழுத்துப் போடுங்கள். யாகத்துக்கு வரி கேட்டு வருகின்றவரிடம், "ஏரி வாரியத்துக்குக் கேளும், தருகின்றேன்" என்று சொல்லுங்கள்.

மழை பெய்விப்பது நம் கையில் இல்லை. ஜபம் செய்கின்றவன் கையிலும் இல்லை. பெய்த மழையைப் பிடித்து வைப்பது நம் கையில்தான் இருக்கின்றது. அந்தக் கையைக் கூப்பிக் கொண்டு நிற்பதா, மண்வெட்டி பிடிப்பதா என்பதை உத்திரமேரூர்க் குடியானவத் தோழர்களே யோசித்து முடிவு செய்வார்களாக.