மரவள்ளியைப் பச்சையாகத் தின்று காட்டுங்கள்

சென்ற மாதம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் ஒருவர் இரண்டு மணிநேரம் பேசினார். கொழும்பிலிருந்து வந்தவர். தீ பட்டதும் உணவு செத்துவிடுகிறதாம். செத்த உணவைத் தின்பதால்தான் சீனி வருத்தமும் பிரஷரும் வருகின்றனவாம். 21 நாளைக்கு அடுப்பு மூட்டாதீர்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செய்முறைத் தாளும் கொடுத்துவிட்டுப் போனார். என் மதினி அதை இஸ்தோப்புச் சுவரில் ஒட்டிவைத்தார். ஒன்பதாம் நாள் கொழுந்து மலையில் தலைசுற்றி உட்கார்ந்தவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். ஏற்கெனவே இரத்தம் குறைவென்று கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர் அவர்.

தீ உணவைக் கொல்கிறது என்கிறவர்கள் முன்னால் ஒரே ஒரு கிழங்கை வைக்கிறேன். மரவள்ளி. 1973, 74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டத்து லயங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். கிழங்கு கிடைத்த வீடுகளில் அதுதான் உயிரைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கிழங்கில் லினமரின் என்றொரு பொருள் இருக்கிறது. வெட்டும்போதும் கடிக்கும்போதும் கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைக்கிறது. உடைந்ததிலிருந்து ஹைட்ரஜன் சயனைட் பிறக்கிறது. மண்டபத்தில் அவர் எதைப் பெருமையாகச் சொன்னார்? பச்சை உணவில் 'உயிருள்ள நொதி' இருக்கிறது என்று. அதே உயிருள்ள நொதிதான் மரவள்ளியில் நஞ்சை அவிழ்த்துவிடுகிறது! தோலை உரித்து, துண்டு போட்டு, மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய எங்கள் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அந்தப் பேச்சாளருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தாளில் இருந்த செய்முறைகளையும் பார்த்தேன். முதலாவது, அவலை ஊறவைத்துத் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைவது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்தால்தான் அவல். தீயைத் தொடாத சாப்பாட்டின் முதல் வரியிலேயே தீ இருக்கிறது. அடுத்தது தேங்காய்ப்பால். தேங்காய் மலையில் காய்ப்பதில்லை, கீழ்நாட்டிலிருந்து வரவேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது சம்பலுக்கே பாதி மூடியை மூன்று நாள் வைத்துக்கொண்டோம். பிறகு லீக்ஸ், கரட், கோவா எல்லாம் பச்சையாக. எந்தத் தண்ணீரில் கழுவுவது? பீலித் தண்ணியிலா? மேலே இன்னொரு லயத்தைத் தாண்டி வருகிற அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் அலசிய இலையைப் பச்சையாகத் தின்னச் சொல்ல இவருக்கு எப்படி மனம் வந்தது?

இந்தப் பேச்சு புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் சிவசைலம் மூ. ராமகிருஷ்ணன் தேங்காயும் பழமும் போதும் என்று பரப்பியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தென்னையும் வாழையும் வாசலில் நிற்கும் ஊரின் பேச்சு அது. காந்தியும் 1929இல் சமைக்காத உணவைத் தின்று பார்த்தார்; சில மாதங்களில் உடல் தளர்ந்து, சீதபேதி கண்டு, விட்டுவிட்டார். விட்டதை மறைக்காமல் எழுதவும் செய்தார். காந்தியின் பெயரைச் சொல்லும் எந்தப் பேச்சாளரும் அந்தப் பாதியைச் சொல்லிக் கேட்டதில்லை. ஜெர்மனியில் கீசென் ஆய்வாளர்கள் பச்சை உணவுக்காரர்களைப் பார்த்து 1999இல் வெளியிட்டது இன்னும் கடுமையானது: 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுதாகவோ நின்றுபோயிருந்தது. அவர்கள் கூடை சுமந்து மலை ஏறியவர்களும் அல்ல. மதினி மாதிரிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக்கு ஓடுமுன் கட்டச்சம்பலோடு சுட்ட ரொட்டி இரண்டு, சூடாகத் தேத்தண்ணி. அதையும் பறித்துவிட்டு முளைப்பயறைக் கையில் கொடுத்தால் மழையும் அட்டையுமான மலையில் எந்தத் தெம்பில் கிலோ எடுப்பது?

அடுப்பைப் பற்றிப் பேச எங்களிடம் நிறைய இருக்கிறது, மண்டபத்தில் பேசியவர் அதைக் கேட்கவில்லை. களனியின் கிளையான கெஹெல்கமு ஓயாவை இதே நோட்டனில் மறித்து, 1950இல் பழைய லக்சபானவில் மின்சாரம் எடுத்தார்கள். 1965இல் விமலசுரேந்திர மின்நிலையமும் இங்கேயே வந்தது. அந்தக் கரண்ட் கொழும்புக்கு ஓடிய எத்தனையோ வருஷம் அணைக்கு மேலேயே இருந்த லயங்களில் குப்பிலாம்புதான் எரிந்தது. இன்றைக்கும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைத் தலையில் சுமந்து வந்து, ஒற்றைக் காம்பராவில் எரித்து, அந்தப் புகையிலேயே பிள்ளையையும் படுக்கவைக்கிறார்கள். 2022இல் காஸ் சிலிண்டர் இல்லாமல் நகரம் மாதக்கணக்கில் தவித்ததை நாடே பேசியது. எங்கள் பெண்களின் இருமலை யார் பேசினார்கள்? கெடுதி புகையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சோற்றின் மேல் பழி போடுகிறார்கள்.

மதினி இப்போது தாளைக் கிழித்துவிட்டார். நேற்றுப் போனபோது மரவள்ளி அவிந்துகொண்டிருந்தது, பானைக்கு மூடி இல்லை. கண் எரிய எரிய ஊதிக்கொண்டிருந்தார். அடுத்த முறை வருகிறவர் ஒரு புகைபோக்கி கட்டுவது எப்படி என்று பேசட்டும். மண்டபத்துச் சாவியை நானே வாங்கித் தருகிறேன்.