மரையைக் கண்டவர் மலையைக் கண்டாரா?

கொட்டகலையிலிருந்து உயர்வகுப்பு மாணவர் சிலரை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்ல நாம் முற்பட்டபோது, பல மேடைகளில் நம்மோடு தோளோடு தோள் நின்ற நண்பரொருவர் நகைத்தார். "லயத்துப் பிள்ளைகளுக்கு மரையையும் மந்தியையும் காட்டி என்ன ஆகப்போகிறது? அது கனவான்களின் பொழுதுபோக்கு. கூலியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அந்த நகைப்புக்கு மறுமொழியாகவே இதனை எழுதுகிறோம். அது அவர் ஒருவரின் நகைப்பன்று. நம் அணியினர் பலரிடம் நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணம்.

கனவான்களின் பொழுதுபோக்கு என்று அவர் கூறியதில் தவறில்லை; குறைத்துக் கூறினார் என்பதே நம் குறை. 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையோடு நூலாகவே எழுதி வெளியிட்டார். ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை. ஆனால் அங்குள்ள அருவிக்குப் பேக்கரின் பெயர். சமவெளிக்கோ ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயர். கொன்றவன் பெயர் இன்றும் அருவியாய்ப் பாய்கிறது!

1830களிலிருந்து கோப்பிக்காகவும், 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கிய பின்னர் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடு மொட்டையடிக்கப்பட்டது. கோடரி பிடித்த கைகளில் சிங்களக் கிராமத்தவரின் கைகளும் இருந்தன. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாய் வந்த நம் முன்னோரின் கைகளும் இருந்தன. ஆணையிட்ட வாய் அவர்களுடையதன்று. இலாபம் சேர்ந்த பையும் அவர்களுடையதன்று. அங்ஙனமிருக்க, காட்டு விலங்கின் பகைவன் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் விரல் லயத்தை நோக்கி நீளுவதேன்?

2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியிற் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாட்களில் இறந்துபோயிற்று. நாடே இரங்கிற்று, இரங்கத்தான் வேண்டும். கண்ணி வைப்பது சட்டப்படி குற்றம். கம்பி இறுகி அணுவணுவாய்ச் சாகும் உயிரைக் கண்ட எவரும் அதற்காக வாதாடமாட்டார். ஆயினும் தோட்டத்துக் கண்ணிகள் பெரும்பாலும் சிறுத்தைக்காக வைக்கப்படுவனவல்ல. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றிக்காகவும் அதன் இறைச்சிக்காகவும் வைக்கப்படுவன. நாட்கூலி 1000 ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு, லயத்தின் பின்புறத்து நாலு பாத்தி கோவாவும் லீக்ஸும் விளையாட்டல்ல. சிறுத்தைக்காகக் கண்ணீர் வடித்த பட்டணத்து அன்பர்களில் எத்தனை பேர் இதனைக் கேட்டார்கள்?

எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளுக்கிடையே தேயிலையினூடாகத்தான் சிறுத்தை நடமாடுகிறது. அதே தேயிலையில்தான் நம் தாய்மார் குனிந்து கொழுந்தெடுக்கிறார்கள். அதனால் தாக்குண்டு மருத்துவமனை சேர்ந்தவர்களும் உண்டு. பயணி சிறுத்தையைக் காண்பதற்குப் பணம் கொடுக்கிறார். கொழுந்தெடுப்பவரோ அதனைக் காணாதிருக்க வேண்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்.

இவையெல்லாம் நம் நண்பரும் ஒப்புவார். ஆனால் இதிலிருந்து அவர் பெறும் முடிவுதான் நமக்கு உடன்பாடில்லை. காட்டைக் கனவான்களிடமே விட்டுவிட்டால், காட்டின் வரலாற்றையும் அவர்களே எழுதுவார்கள். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அரசே சிங்கராஜ மழைக்காட்டில் மரம் தறிக்கத் தொடங்கியது. மக்கள் எதிர்ப்பு வலுத்ததால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. காட்டை அறிந்தவர்கள் இருந்தமையாற்றான் எதிர்க்க ஆளிருந்தது. கூலிப் போராட்டத்துக்கு இது எவ்வகையில் பகை?

ஆகவே போனோம். புகையிரதத்தில் பட்டிப்பொல வரை. அப்பால் வாடகை வேன். முகில் தவழும் அம்மலைக்காட்டில் கம்பளி போர்த்தியது போன்ற மந்திக் கூட்டமொன்றைக் கண்டோம். இரவில் மட்டும் உலவும் மலைத் தேவாங்கைக் காணவில்லை, காண்போமென்று எதிர்பார்க்கவுமில்லை. 1937 க்குப் பின் மிக அரிதாகவே கண்ணிற்பட்டு, அழிந்ததென்றே கருதப்பட்ட அவ்வுயிரின் முதற் புகைப்படங்கள் 2010 இல்தான் உலகறிய வெளியாயின. காடு துண்டுபட்டமையே அதன் நலிவுக்குக் காரணம் என்று நாம் விளக்கியபோது, எந்தக் காடு, எந்த ஆண்டு, யார் வெட்டியது என்று மாணவர் தொடுத்த கேள்விகள் வகுப்பறையில் ஒரு தவணை முழுதும் நாம் கேட்காதவை.

வண்டிகள் நிற்குமிடத்தில் பெரிய கொம்பன் மரை ஒன்று நின்றது. சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட்டை நீட்டி அதனோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தெடுக்கும் தாயின் மகளான ஒரு மாணவி நெடுநேரம் அதைப் பார்த்திருந்தாள். பின்பு, "சேர், இதுக்கு இப்படித் தின்னக் குடுத்துப் பழக்குறாங்களே, நாளைக்கு எங்க மரக்கறித் தோட்டத்துக்குள்ள வந்து கம்பியில மாட்டினா யார் மேல வழக்குப் போடுவாங்க?" என்று கேட்டாள். அக்கேள்வியை அவளுடைய குறிப்பேட்டிலேயே எழுதிவைக்கச் சொன்னோம். நமக்கு அப்போது வேறு விடை தோன்றவில்லை.

அடுத்த பயணம் சிங்கராஜத்துக்கு. செலவுக்கு இப்போதே பணம் சேர்த்து வருகிறோம். நண்பரையும் அழைத்திருக்கிறோம், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.